தொன்னையில் ஒட்டியிருந்த மிளகு

எங்கள் பக்கத்தில் இருவர் சந்தித்தால் முதலில் எழும் கேள்வி, சாப்பாடு ஆயிற்றா என்பதுதான். எவரும் அதற்கு யோசித்துப் பதில் சொல்வதில்லை. எழுபது வயது வரை நானும் யோசித்ததில்லை. இப்போது திருப்பதியில் எங்கள் தெருமுனைப் பால்காரர் அதைக் கேட்டாலும் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். முந்தைய வேளை முதல் வாய்க்குள் என்னென்ன போயிற்று என்று மனம் ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்குகிறது. எதையோ விட்டுவிட்டேனோ என்று அஞ்சுகிறேன். இந்த அச்சம் என் மனைவியின் பித்தப்பை அறுவையின்போது வந்தது. ஆனால் அதன் வேர் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், கணக்குப் பாடத்தில் இருக்கிறது.

சித்தூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பிறந்தது நாகலாபுரத்துக்கு அருகே, ஓர் உழவர் குடும்பத்தில். ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் திருப்பதிக்குக் குடிவந்தோம். விடியலில் கோயிலில் பாசுரம் ஓதும் கோஷ்டியில் நிற்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்த ஆசை நிறைவேறி, கணக்கை நான் மெல்ல மறந்துகொண்டிருந்த வேளையில் ஒரு பெண் பொறியாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஸ்ரீ சிட்டி தொழில்நகரில் வேலை. சென்னைப் பக்கத்திலிருந்து நாள்தோறும் வந்து போகிறவர். ஆந்திர எல்லையோர வட்டாரங்களில் தமிழிலும் தெலுங்கிலும் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் ஒரு கணினி ஏற்பாட்டை அவரும் நண்பர்கள் சிலரும் செய்துகொண்டிருந்தார்கள். பிள்ளை செய்த தவற்றைப் பார்த்ததும் அனுபவமுள்ள ஆசிரியர் எப்படி யோசிப்பாரோ, அப்படியே அதுவும் யோசிக்க வேண்டும். ‘எக்ஸ்பர்ட் சிஸ்டம்’ என்றார். அதற்குள் வைக்க ஓர் ஆசிரியரின் யோசனை வேண்டும். என்னிடம் படித்த ஒருவர் என்னைக் கைகாட்டியிருந்தார்.

வாரத்தில் இரண்டு மாலைகள் அவர் வருவார். கூடத்தில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்பார்.

“சார், ஒரு பையன் முக்காலையும் அரையையும் கூட்டி ஆறுல நாலுன்னு எழுதறான். பாத்த உடனே உங்களுக்கு என்ன தோணும்?”

“மேல இருக்கறத மேலயும், கீழ இருக்கறத கீழயும் கூட்டிட்டான்னு தோணும். பின்னம்னா ஒரே எண்ணுன்னு அவனுக்குத் தெரியல. ரெண்டு எண்ணு மாடி வீட்டுல குடியிருக்குதுன்னு நெனைச்சிக்கினு இருக்கான்.”

“சரி. அப்ப அவன்கிட்ட என்ன கேப்பீங்க?”

“மொதல்ல கையில முக்கால் கரும்பு வெச்சிருந்தே. அதோட அரைக் கரும்பு குடுத்தேன். இப்ப முக்காலை விடக் கொறைஞ்சி போயிருக்குதே, எவன்டா துன்னான்னு கேப்பேன்.”

அவர் சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்வார். இன்ன தவறு இருந்தால் இன்ன காரணம். இன்ன காரணம் இருந்தால் இன்ன கேள்வி. அதற்கு இன்ன பதில் வந்தால் அடுத்த பாடம். ஒரு விதியின் முடிவு அடுத்த விதியின் தொடக்கமாகும் என்று அவர் விளக்கியபோது, எனக்கு அது புதிதாகவே தோன்றவில்லை. நாள்தோறும் நான் ஓதும் அந்தாதியும் அப்படித்தானே நடக்கிறது. ஒரு பாட்டின் கடைசிச் சொல்லை எடுத்துக்கொண்டு அடுத்த பாட்டு எழுகிறது. நூறு பாட்டும் ஒரே மூச்சாகிறது. அதைச் சொன்னதும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. மறுவாரம் தம் கோப்புக்கு ‘அந்தாதி’ என்றே பெயரிட்டிருந்தார்.

என் மனைவிக்கு இந்த மாலைகள் வேடிக்கையாக இருந்தன. ஒரு நாள் காப்பி கொண்டுவந்து வைத்தபடி பொறியாளரிடம் சொன்னாள்: “நாப்பது வருசமா என்கிட்ட ஒரு பேச்சு முழுசா பேசினது கெடையாது. உன்கிட்ட மண்டையையே அவுத்து வெச்சிக்கினு குந்தியிருக்காரு. நல்லா தேடிப் பாரும்மா, எங்க வீட்டுப் பழைய சாவி ஒண்ணு காணாம போச்சி, அதுவும் அதுலதான் இருக்கும்.”

ஓராண்டு கழிந்ததும் அவர் அந்த விதிகள் அனைத்தையும் அச்சிட்டுக் கட்டிக் கொண்டுவந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பெருமைதான் முதலில் வந்தது. பிறகு சொல்லத் தெரியாத ஒரு கலக்கம். என் வாழ்நாளின் அறிவு அவ்வளவுதானா என்பதால் வந்த கலக்கம் அன்று. என் கண்ணில் படாத எதுவும் அந்தக் கட்டுக்குள் இல்லை. அது தன்னிடம் இல்லை என்பது அந்தக் கட்டுக்கும் தெரியாது. வகுப்பறையில் நான் தவறினால் ஒரு பிள்ளையிடம் தவறுவேன், மறுநாள் அதன் முகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வேன். இந்தக் காகிதங்கள் எத்தனை ஊர்களுக்குப் போகுமோ, எவர் முகத்தைப் பார்க்குமோ என்று நினைத்துக்கொண்டே கட்டை மூடினேன். பொறியாளரிடம் அதைச் சொல்லவில்லை.

சத்தியவேடு சாலையை ஒட்டிய ஒரு கிராமப் பள்ளியில் முதலில் அதை வைத்தார்கள். பிள்ளைகள் கைக்கணினியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணக்குப் போட்டு வரலாம். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அது ஒரு கேள்வி கேட்கும்: இதை நீயே போட்டாயா, யாராவது சொல்லித் தந்தார்களா? அந்தக் கேள்வி நான் கொடுத்தது. நானே என்று பதில் வந்து விடையும் சரியாக இருந்தால், பிள்ளை அந்தப் பாடத்தைக் கற்றுவிட்டது என்று முடிவு செய்து அடுத்ததற்கு அழைத்துச் செல்லும்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பின்னங்களை முடித்து, விகிதங்களை முடித்து, ஒரே மாதத்தில் சமன்பாடுகளுக்குப் போய்விட்டாள். பள்ளியில் எல்லோரும் வியந்தார்கள். பிறகு, கணக்கு வகுப்புள்ள நாட்களில் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வரத் தொடங்கியது. பொறியாளர் என்னை அழைத்துப் போனார். அந்தக் குழந்தை திரைக்கு முன்னே இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரையையும் காலையும் கூட்டச் சொன்னேன். கண்களில் நீர் திரண்டதேயன்றி விடை வரவில்லை.

“வீட்டுல கணக்கெல்லாம் நீதான் போட்டியாம்மா?”

“ஆமா சார்.”

“யாரும் சொல்லித் தரலியா?”

“யாரும் சொல்லித் தரல சார். அக்காதான் சொல்லும்.”

அவள் பொய் சொல்லவில்லை என்பதை அந்த முகமே காட்டியது. அந்த ஊரில் மாலையானால் அண்டை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வட்டமாக உட்கார்வார்கள். மூத்தவள் வாய்விட்டுக் கணக்குப் போடுவாள், மற்றவர்கள் கூடவே சொல்லிக்கொண்டு எழுதுவார்கள். அதற்குக் ‘கூட்டாப் போடறது’ என்று பெயர். அதை எவரும் உதவி என்று எண்ணியதில்லை. ‘யாராவது’ என்றால் அயலார். அக்கா எப்படி யாராவது ஆவாள்?

நானும் அப்படி ஒரு வட்டத்தில் உட்கார்ந்துதான் கணக்குக் கற்றேன். அப்படியிருந்தும் அந்தக் கேள்வியை அமைத்தபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. கேள்வியைத் திருத்தினோம். பக்கத்தில் அக்காவோ அண்ணனோ இருந்தார்களா என்று சேர்த்தோம். அந்தப் பெண்ணைப் பின்னங்களுக்குத் திரும்ப அழைத்து வந்தார்கள், காய்ச்சலும் நின்றது. ஆனால் திரும்பி வரும் வழியில் காருக்குள் நான் பொறியாளரிடம் கேட்டேன்: “இதுமாதிரி இன்னும் எத்தினி இருக்குதோ, எப்பிடிக் கண்டுபுடிக்கறது?”

 “நீங்க சொன்னதைத்தான் சார் அது கேக்கும்” என்றார் அவர். இந்தப் பள்ளி ஏற்பாட்டை விட்டுவிட்டு மருத்துவமனைகளுக்கு இதே போன்ற ஏற்பாடு செய்யும் குழுவுக்குப் போகப்போவதாகவும் அன்றுதான் சொன்னார். “அங்க உங்களுக்குப் பதிலா ஒரு டாக்டர் உக்காந்திருப்பாரு. வேலை இதேதான்.”

அவர் நல்ல செய்தியாகத்தான் அதைச் சொன்னார். நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கார்த்திகையில் என் மனைவிக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. பித்தப்பையில் கற்கள் என்றார்கள். மார்கழி இரண்டாம் வாரத்தில் திருப்பதியிலேயே ஒரு மருத்துவமனையில் அறுவைக்கு நாள் குறித்தார்கள். வெதுருகுப்பத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் அவள் தம்பி துணைக்கு வந்தான். முந்தைய நாள் ஒரு செவிலி எங்களை உட்காரவைத்துச் சொன்னாள். திருத்தணிப் பக்கத்துப் பெண். தினமும் பேருந்தில் வந்து போகிறவள். இரவு எட்டு மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது. முழு மயக்கம் கொடுப்பார்கள். வயிற்றில் ஏதேனும் இருந்தால் மயக்கத்தில் மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடும். அது உயிருக்கே ஆபத்து. “மறக்கக் கூடாது தாத்தா, நீங்கதான் பாத்துக்கணும்” என்று என்னிடம் தனியாகவும் சொன்னாள். நான் தலையசைத்தேன். வீட்டில் இட்லிப் பாத்திரத்தைக் கூட மேல் தட்டில் ஏற்றி வைத்தேன்.

மறுநாள் விடியலில் வழக்கம்போல் கோஷ்டிக்குப் போனேன். மார்கழியில் ஒரு நாள் கூடத் தவறியதில்லை. அன்று தவறலாகாது என்பது மேலும் உறுதியாக இருந்தது. அவளுக்காக வேண்டிக்கொண்டேன். ஓதி முடிந்ததும் கையில் ஒரு தொன்னை வெண்பொங்கல் வந்தது. விரலைச் சுடும் பொங்கல். ஓரமெல்லாம் நெய் கசிந்திருந்தது. வீட்டுக்கு வந்தேன். அவள் குளித்து, நெற்றிக்கிட்டு, புடவை மாற்றி உட்கார்ந்திருந்தாள். இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் வேட்டி மாற்ற உள்ளே போனேன். திரும்பி வந்தபோது தொன்னை மடித்து அவள் துணிப்பையில் செருகப்பட்டிருந்தது; பிரசாதம் வாங்கிய இலையைக் குப்பையில் போடுவது அவள் வழக்கமன்று. ஐந்தரை மணி இருக்கும். இவையனைத்தையும் நான் கண்ணால் கண்டேன். எதுவும் என் மனத்தில் பதியவில்லை.

ஏழு மணிக்கு மருத்துவமனையில் அதே செவிலி கைக்கணினியோடு வந்தாள். அது ஒவ்வொன்றாகக் கேள்வியைக் காட்ட, அவள் வாய்விட்டுக் கேட்டாள்.

“பல் செட்டு கட்டியிருக்கீங்களாம்மா?”

“எல்லாம் என் சொந்தப் பல்லுதான். இஸ்த்துப் பாரு.”

“முன்னாடி ஏதாச்சும் ஆப்பரேசன் ஆயிருக்குதா?”

“இல்ல.”

“நேத்து கடேசியா எத்தினி மணிக்கு சாப்ட்டீங்க?”

“ஏழரைக்கு. ரெண்டு இட்டிலி.”

“அதுக்கப்புறம் ஏதாவது?”

“ஒண்ணும் துன்னல பாப்பா.”

செவிலி என்னை நிமிர்ந்து பார்த்தாள். “தாத்தா?”

“ஆமாம்மா, ஒண்ணும் சாப்பிடல” என்றேன்.

அவள் விரலால் தொட்டதும் திரையின் மேற்புறம் பச்சையாயிற்று. ‘தயார்’ என்று இரு மொழிகளிலும் எழுத்து வந்தது. மைத்துனன் எட்டிப் பார்த்து மகிழ்ந்தான். பொழுது ஏற ஏற நடைபாதையில் வெயில் நீண்டது. பத்து மணிக்குச் சற்று முன்னர் அவளைச் சக்கரக் கட்டிலில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது, “பைய பத்திரமா வெச்சிக்குங்க” என்று மட்டும் சொன்னாள்.

பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தாதியைத் தொடங்கினேன். பக்கத்தில் மைத்துனன் என்னைத் தேற்றும் எண்ணத்தோடு தன் மாந்தோப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். போன ஆண்டு பூவெல்லாம் கருகி உதிர்ந்ததாம். கைபேசியில் ஒரு விவசாய ஏற்பாடு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுத் தத்துப்பூச்சி என்று கண்டுபிடித்து மருந்து சொன்னதாம்.

“இப்பல்லாம் எல்லாத்துக்கும் இதான் மாமா. பச்சை லைட்டு வந்திடிச்சி இல்ல, அவ்வளவுதான். என் தோப்பையே காப்பாத்திச்சி, அக்காவைக் காப்பாத்தாதா?”

“ஏன்டா, உங்கக்காவும் மாமரமும் ஒண்ணா?”

“மாமரம் திருப்பித் திட்டாது மாமா. அது ஒண்ணுதான் வித்தியாசம்.”

மூக்குக் கண்ணாடித் துணிக்காகப் பைக்குள் கைவிட்டேன். விரலில் நெய் பட்டது. மடித்த தொன்னையை வெளியே எடுத்தேன். உள்ளே ஒரு பருக்கை கூட இல்லை. இலையின் நரம்போரம் ஒரே ஒரு மிளகு ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த மிளகை நான் எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. காதுக்குள் ஒரு சிறு பெண்ணின் குரல் கேட்டது: யாரும் சொல்லித் தரல சார், அக்காதான். என் மனைவியும் பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. பிரசாதத்தை நாங்கள் ஒருநாளும் உண்டதில்லை, பெற்றுக்கொள்கிறோம். பட்டினி விரதத்தன்றும் அது வந்தால் மறுப்பதில்லை. விரதம் கெட்டதாகவும் எண்ணுவதில்லை. எங்கள் கணக்கில் அது உணவன்று. ஆனால் அவள் வயிற்றில் ஒரு தொன்னை நெய்ப்பொங்கல் நான்கரை மணி நேரமாகக் கிடக்கிறது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவன் நான். ஒன்றுமில்லை என்று சாட்சி சொன்னவனும் நான்.

“இன்னா மாமா, எங்க போறீங்க?” என்று மைத்துனன் கேட்டது பின்னாலிருந்துதான் கேட்டது. நான் எழுந்து நடந்துகொண்டிருந்தேன்.  அறுவை அரங்கின் கதவருகே செவிலி நின்றாள்.

“தாத்தா, இதுக்கு மேல வரக் கூடாது.”

“அம்மா, காலையில பொங்கல்… பிரசாதம்… குடுத்தேன்.”

“யாருக்கு?”

“அவளுக்குத்தான். நான்தான் குடுத்தேன்.”

“டேப்ல இல்லன்னு இருக்குதே” என்று கைக்கணினியைக் காட்டியவள் என் கையிலிருந்த தொன்னையைப் பார்த்தாள். பேச்சை அத்துடன் நிறுத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். கதவு இருமுறை ஆடி நின்றது.

மயக்கம் கொடுத்தாயிற்றா இல்லையா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கதவுக்கு முன் நின்றபடி அந்தாதியின் விட்ட இடத்தைத் தேடினேன். ஒரு பாட்டின் கடைசிச் சொல் நாவில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எழவேண்டிய அடுத்த பாட்டு எழவில்லை. ஐம்பது ஆண்டுகள் நாள் தவறாமல் ஓதியது. அந்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றேன். அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. அஞ்சாதே என்று சொல்லும் பாட்டுகள் எத்தனையோ எனக்குத் தெரியும். அவற்றில் ஒன்று கூட அந்த வாசலுக்கு வரவில்லை.

மயக்க மருத்துவர் வெளியே வந்தார். நடுவயதுப் பெண்மணி, தெலுங்கர்; தமிழும் கலந்து பேசினார். அவர் முகத்தை மூடியிருந்த துணிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவற்றிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

“காலையில என்ன சாப்பிட்டாங்க?”

“பிரசாதம் அம்மா.”

“கொஞ்சமா, வாயில போட்டுக்கறாப்லயா?”

“பிரசாதம்… பெருமாளுக்கு அமுது செய்வித்தது… தொன்னையில…”

“சார், நான் பக்தி கேக்கல. சாப்பிட்டாங்களா இல்லையா?”

என் வாய் திறந்தது. அந்தச் சொல் வரவில்லை. அதைச் சொல்லிவிட்டால் ஐம்பது ஆண்டுகளாக ஏந்திய ஒன்றைக் கீழே போட்டவனாவேன் என்று ஓர் அச்சம். சொல்லாவிட்டால் அவள் போய்விடுவாள் என்று மற்றோர் அச்சம். இரண்டுக்கும் நடுவே நான் நின்ற நேரம் சில நொடிகள்தான் இருக்கும். மருத்துவர் பொறுமையிழந்து தம் மொழிக்கே போய்விட்டார்.

“தின்னாரா, லேதா? அதி செப்பண்டி.”

“தின்னதி” என்றேன்.

தின்றாள் என்று தமிழில் வராத சொல் தெலுங்கில் வந்துவிட்டது. அது வந்ததும் மற்றவையும் வந்தன. ஒரு தொன்னை நிறைய. ஐந்தரை மணிக்கு. நெய் மிகுதி. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “மயக்கம் குடுக்கற மாஸ்க் என் கையில இருந்தது சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சற்று நேரத்தில் அவளை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். கண் விழித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்தக் கண்களில் கோபம் மூண்டது. அந்தக் கோபத்தைப் பார்த்தபோது எனக்கு உண்டான நன்றியை இன்றும் சொல்லில் வைக்க இயலவில்லை.

“துன்னேன்னா சொன்னீங்க? பிரசாதத்தைப் போயி துன்னேன்னா?”

“ஆமா.”

“வாய் அழுவிப் பூடும்.”

“அழுவிப் போவட்டும்” என்றேன்.

மைத்துனன் நடுவில் வந்தான். “யக்கா, மாமா மேல தப்பு இல்ல. அந்த டேப்பு கேக்கவே இல்லியே.”

“அது இன்னாத்துக்குடா கேக்கும்? அதுக்கு இன்னா தெரியும், மார்கழியா சித்திரையா?”

அறுவை மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது; இரவு அவளை அங்கேயே தங்கவைத்தார்கள். அன்று மாலை பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். அந்த மருத்துவமனையில் இருந்தது அவர் குழு செய்த ஏற்பாடு அன்று. அதை வைத்து அவரைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை. நடந்ததை மட்டும் சொன்னேன். 

“சார், எங்களோடதுலயும் அந்தக் கேள்வி கெடையாது” என்றார். “எப்படிக் கேக்கணும்னு சொல்லுங்க. இப்பவே எழுதிக்கறேன்.”

பிரசாதம், தீர்த்தம் என்று இரண்டைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். வேறு என்று கேட்டார். யோசித்தேன். மசூதியில் ஓதிக் கொடுக்கும் தண்ணீர், மாதா கோயிலில் நாவில் வைக்கும் அப்பம், பிள்ளைக்குப் பார்வை கழித்து நாவில் தடவும் விபூதி என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சொல்லச் சொல்லப் பட்டியல் நீண்டது. நீள நீள, நினைவுக்கு வராதவற்றின் கனம் என் மேல் ஏறிக்கொண்டே போயிற்று. “நாளைக்குப் பேசறேம்மா” என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் விடியலில் மருத்துவமனையிலிருந்து கோஷ்டிக்குப் போனேன். கொடுத்த தொன்னையை மறுக்கவும் மனம் வரவில்லை, மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும் துணிவில்லை. ஒரு தூக்கில் வைத்து இறுக மூடி, மைத்துனனிடம் கொடுத்து வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னேன். அவன் தூக்கை முகர்ந்துவிட்டு, “எனக்கு ஆப்பரேசன் இல்லியே மாமா, நான் துன்னலாம் இல்ல?” என்றான். அந்தச் சொல் இப்போது என்னை உறுத்தவில்லை. உறுத்தாதது எனக்கே அச்சமாக இருந்தது.

செவிலி கைக்கணினியோடு வந்தாள். அதன் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. பேனாவால் தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருந்தாள். திரையின் கேள்விகள் முடிந்ததும் தாளைப் பார்த்துக் கேட்டாள்.

“பிரசாதம்?”

“இல்ல.”

“தீர்த்தம்?”

 என் மனைவி முந்தானையைச் சரிசெய்தாள். என்னைப் பார்க்காமல், “துளசி ஒரு இலை” என்றாள். “கண்ணு முழிச்ச உடனே. பையில வெச்சிருந்தேன்.”

இரவெல்லாம் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவன் நான். எனக்குத் தெரியாது. செவிலி தொடவேண்டிய இடத்தில் விரலை நிறுத்திக்கொண்டு மருத்துவரைக் கேட்கப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் நான் மூன்று முறை எழுந்து உட்கார்ந்தேன். ஓர் இலையால் ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். திரை பச்சையாயிற்று. அந்தப் பச்சையை என்னால் நம்பவும் முடியவில்லை, நம்பாதிருக்கவும் வழியில்லை.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கற்களை ஒரு சிறு குப்பியில் போட்டுக் காட்டினார்கள். மைத்துனன் எண்ண ஆரம்பித்தான், நான் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் அவளுக்கு மென்மையான உணவு கொடுக்கலாம் என்றார்கள். அன்றைய பிரசாதத்திலிருந்து நெய் படாத ஒரே ஒரு பருக்கையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாயில் இடவில்லை. அறையின் மறுகோடியில் நின்ற செவிலியைக் கூப்பிட்டாள்.

“ஏ பாப்பா, இங்க பாரு. நான் பிரசாதம் துன்னப் போறேன். ஒரு பருக்கை. நல்லா எழுதிக்கோ. அப்புறம் இந்த மனுசன் ஓடியாந்து சாட்சி சொல்லப் போறாரு.”

செவிலி சிரித்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் சிரித்தார். நானும் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். ஆனால் என் கண் அவள் தலையணையோரம் கிடந்த துணிப்பையின் மேலேயே இருந்தது. அவள் உறங்கிய பிறகு அதைத் திறந்து, அடிவரை கைவிட்டுத் துழாவிப் பார்த்தேன்.